நொறுங்கத் தின்ற ஒரு வியாபாரியின் கதை

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. தட்டில் இருப்பதை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்த்துப் பாட்டிமார்கள் சொல்வது. கேட்கும் பிள்ளைகள் "சரி பாட்டி" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஓடுவார்கள். அதோடு முடிந்தது.

ஆனால் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு மனிதர் கிட்டத்தட்ட இதே கருத்தைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே மெல்ல வைத்தார்! பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைச் சோதித்தன. புகழ்பெற்ற எழுத்தாளர்கள் அவரைப் பின்பற்றினார்கள். அவருடைய பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாக மாறியது. பிறகு சில ஆண்டுகளில் எல்லோரும் அவரை மறந்தார்கள்.

அவர் பெயர் ஹொரேஸ் ஃபிளெட்சர். இன்று "கவனத்துடன் உண்ணுதல்" என்று புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் சொல்லித்தருவதில் பெரும்பகுதியை அவர் அன்றே சொல்லிவிட்டார். அப்படியானால் ஏன் தோற்றார்? அதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டவர்

ஃபிளெட்சர் 1849-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பிறந்தார். அவர் மருத்துவரும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. முழுக்க முழுக்க வியாபாரி. அச்சு மை தயாரித்தார், ஜப்பானியப் பொருள்களை இறக்குமதி செய்து விற்றார், நியூ ஆர்லியன்ஸில் ஓபரா நடத்தினார். நடுத்தர வயதுக்குள் நல்ல செல்வந்தராகிவிட்டார். பிற்காலத்தில் வெனிஸ் நகரில் ஒரு மாளிகையில் வாழும் அளவுக்குப் பணம் இருந்தது.

பணம் இருந்ததே தவிர உடம்பு சரியில்லை. ஐந்தரை அடி உயரமுள்ள அவருடைய எடை 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90 கிலோவைத் தாண்டியிருந்தது. நாற்பது வயதிலேயே கிழவனைப் போல உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். அடிக்கடி காய்ச்சல், அஜீரணம், சோர்வு. ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது நிறுவனம் மறுத்துவிட்டது. ஒரு வியாபாரிக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். காப்பீட்டு நிறுவனம் பந்தயம் கட்ட மறுக்கிறது என்றால், "நீ சீக்கிரம் போய்விடுவாய்" என்று கணக்குப் போட்டுவிட்டது என்று பொருள்.

1898 கோடையில் ஒரு வேலையாக அவர் சிகாகோவுக்குப் போனார். வேலை இழுத்துக்கொண்டே போனது. நண்பர்கள் யாரும் ஊரில் இல்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நேரத்தையும் போக்க வேண்டும். அதனால் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய் உணவையும் அதன் ருசி தீரும்வரை மென்றார். நன்றாகப் பசித்த பிறகே அடுத்த வேளை சாப்பிட்டார்.

ஐந்தே மாதங்களில் 40 பவுண்டுக்கு மேல் எடை குறைந்தது. சோர்வு போனது, தலைவலி போனது. வியாபாரியின் மூளை உடனே வேலை செய்தது. இதை உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று தீர்மானித்தார்.

ஐந்து விதிகள்

1899-ல் அவருடைய உணவுப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. பெருந்தீனிக்காரனா, ருசிகனா என்று கேட்கும் தலைப்பு. தலைப்பிலேயே அவருடைய எண்ணம் தெரிகிறது. சாப்பாட்டை ஒதுக்கித்தள்ளும் துறவியாக ஆகச் சொல்லவில்லை. ருசிக்கத் தெரிந்தவனாக ஆகச் சொன்னார்.

அவர் சொன்ன விதிகளை இப்படிச் சுருக்கலாம்.

1. உண்மையான பசி வரும்வரை காத்திருக்க வேண்டும்.
2. இருக்கும் உணவில் உடம்பு எதைக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. தானாக வழுக்கித் தொண்டைக்குள் இறங்கும்வரை மெல்ல வேண்டும்.
4. ருசியை முழுமையாக அனுபவிக்க வேண்டும்.
5. கோபத்திலும் கவலையிலும் இருக்கும்போது சாப்பிடக் கூடாது.

ஐந்தாவது விதி சும்மா வந்ததல்ல. உணவைப் பற்றி எழுதுவதற்கு முன்பே, 1895-லும் 1897-லும், ஃபிளெட்சர் மனதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியிருந்தார். மனிதனுடைய துன்பங்களுக்கு வேர் கோபமும் கவலையும்தான் என்பது அவர் கட்சி. எதிர்காலத்தைப் பற்றி முன்யோசனை வேண்டும், முன்பயம் கூடாது என்றார். அந்த மனப்பயிற்சியைத்தான் பிறகு சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஐந்தில் மூன்றாவது விதியைத் தவிர மற்ற நான்கையும் இன்றைய உணவியல் வகுப்பு ஒன்றில் அப்படியே படித்தால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. பசியைக் கவனி, விருப்பத்தைக் கவனி, ருசியைக் கவனி, மனநிலையைக் கவனி. எல்லாமே கவனம்தான்.

பல்கலைக்கழகத்தில் ஒரு வியாபாரி

ஃபிளெட்சரை ஆரம்பத்தில் விஞ்ஞானிகள் மதிக்கவில்லை. ஆனால் அவருடைய உறவினரான மருத்துவர் எர்னஸ்ட் வான் சோமரன் 1901-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் இந்த முறையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதைத் தொடர்ந்து கேம்பிரிட்ஜின் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் ஆர்வம் காட்டினார். அடுத்ததாக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் சிட்டெண்டன் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஃபிளெட்சரை நேரில் வரவழைத்துச் சோதித்தார்.

அந்தக் காலத்தில் உழைக்கும் ஒரு மனிதனுக்குத் தினமும் 118 கிராம் புரதம் தேவை என்பது ஜெர்மானிய அறிஞர் கார்ல் வொய்ட் வகுத்த அளவு. வேதவாக்கு மாதிரி எல்லோரும் நம்பினார்கள். ஃபிளெட்சரோ ஏறக்குறைய 45 கிராம் புரதம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் அவர் நலிந்து போயிருக்க வேண்டும் அல்லவா? 1903-ல் யேல் உடற்பயிற்சிக் கூடத்தின் தலைவர் வில்லியம் ஆண்டர்சன், பல்கலைக்கழகத்தின் படகுப் போட்டி வீரர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகளையே ஃபிளெட்சருக்கும் கொடுத்தார். ஐம்பதைத் தாண்டிய அந்த வியாபாரி, பழக்கமே இல்லாத பயிற்சிகளைச் செய்துமுடித்தார். மறுநாள் உடம்பு வலி கூடப் பெரிதாக இல்லையாம்!

சிட்டெண்டன் அசந்துபோனார். தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, புரதத்தைக் குறைத்துச் சாப்பிட்டார். நெடுநாளாக இருந்த முழங்கால் வலி போய்விட்டது என்று எழுதினார். பிறகு பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 5 பேர், ராணுவ மருத்துவப் பிரிவு வீரர்கள் 13 பேர், மாணவ விளையாட்டு வீரர்கள் 8 பேர். மாதக்கணக்கில் குறைந்த புரதத்தில் வாழ்ந்தும் அவர்களுடைய உடல்வலிமை குறையவில்லை. 1904-ல் முடிவுகள் புத்தகமாக வந்தன. வொய்ட் சொன்னதில் பாதியளவு போதும் என்றார் சிட்டெண்டன். இன்று ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்ச அளவு, ஒரு கிலோ எடைக்கு சுமார் 0.8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம்தான் வருகிறது. ஒரு வியாபாரியின் பிடிவாதம் புரதக் கணக்கையே மறுபடியும் போட வைத்தது என்பது சின்ன விஷயமில்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே இன்னொரு தெரிந்த முகம் காத்திருக்கிறது. பணத்தின் அளவுக் கோட்பாடு என்றதும் நினைவுக்கு வரும் சமன்பாட்டின் சொந்தக்காரர் இர்விங் ஃபிஷர். 1929-ல் பங்குச் சந்தை சரியும் சமயத்தில் விலைகள் உச்சத்திலேயே நிலைத்துவிட்டன என்று சொல்லி மாட்டிக்கொண்டாரே, அதே ஃபிஷர்தான்! 1898-ல் காசநோயால் பாதிக்கப்பட்டு மீண்டவர் என்பதால் உடல்நலத்தில் அவருக்குத் தீராத அக்கறை. 1906-ல் யேல் மாணவர்கள் 9 பேரை வைத்து அவர் ஒரு சோதனை நடத்தினார். நன்றாக மென்று, பசியின் போக்கில் சாப்பிட்ட அந்த மாணவர்களின் உடல் வலு அப்படியே இருந்தது. ஆனால் களைப்படையாமல் தாக்குப்பிடிக்கும் திறன் நன்றாகக் கூடியது என்றார் ஃபிஷர். வெறும் 9 பேர், அதுவும் என்ன சோதிக்கப்படுகிறது என்று அவர்களுக்கே தெரியும். இன்றைய அளவுகோலில் இது பலவீனமான சோதனைதான்.

ஆனால் அந்தச் சோதனையில் மாணவர்களுக்குக் கொடுத்த நிபந்தனை ஒன்று மிகவும் முக்கியமானது. கவனம் மெல்லும் செயலில் இருக்கக் கூடாது, ருசியில் இருக்க வேண்டும். எத்தனை முறை மெல்கிறோம் என்று எண்ணவே கூடாது. இதுதான் அந்த நிபந்தனை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மெல்லும் மோகம்

ஃபிஷர் சொன்னதை ஊர் கேட்கவில்லை. எண்ணத் தொடங்கியது.

பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் தன் பிள்ளைகளிடம், வாயில் 32 பற்கள் இருப்பதால் ஒவ்வொரு வாயையும் 32 முறை மெல்லச் சொன்னார் என்று ஒரு கதை ஏற்கெனவே பிரபலம். ஃபிளெட்சரும் அதை எடுத்துக்காட்டினார். அவரே ஒரு சிறு வெங்காயத் துண்டை மெல்ல 722 முறை ஆனது என்று பதிவு செய்தார். உணவு மட்டுமல்ல, பாலையும் சூப்பையும்கூட மெல்ல வேண்டும் என்றார். மெல்ல மறுப்பவர்களை இயற்கை தண்டிக்கும் என்ற பொருளில் எதுகையோடு ஒரு வாசகம் புழக்கத்துக்கு வந்தது. பத்திரிகைகள் அவருக்கு "மகா மெல்லுநர்" என்று பட்டம் கொடுத்தன. விளம்பரம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

லண்டனில் மெல்லும் விருந்துகள் நடந்தன. விருந்தினர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். மிச்சிகனில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் பெரிய சுகவாச மருத்துவமனை நடத்திவந்த ஜான் ஹார்வி கெல்லாக் (ஆமாம், கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக்தான்) தன் சாப்பாட்டுக் கூடத்தில் "ஃபிளெட்சரைஸ்" என்று எழுதித் தொங்கவிட்டார். மென்று தின்பதைப் புகழ்ந்து பாட ஒரு பாட்டும் இருந்தது. கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர், எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் எல்லோரும் இந்த முறையை முயன்றவர்கள். பிராக் நகரில் ஃபிரான்ஸ் காஃப்காவும் மென்றார். மகன் மெல்லுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாராம்.

கொஞ்சம் யோசித்தால் இது ஏன் இப்படிப் பரவியது என்பது புரிகிறது. "பசியைக் கவனி, ருசியைக் கவனி" என்றால் எப்படிக் கவனிப்பது என்ற கேள்வி வரும். அதற்கு அளவு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. "32 முறை மெல்" என்றால் குழந்தைக்கும் புரியும். எண்ணை விற்பது சுலபம், கவனத்தை விற்பது கஷ்டம்.

எங்கே தவறியது?

முதல் தவறு உடலியல் தவறு. ஃபிளெட்சர், வாயின் பின்புறம் ஒரு வடிகட்டி இருக்கிறது, சரியாக மெல்லாததை அது உள்ளே விடாது என்று நம்பினார். எவ்வளவு மென்றும் கரையாமல் வாயில் தங்கும் சக்கையைத் துப்பிவிடச் சொன்னார். அந்தச் சக்கைதான் நார்ச்சத்து! அதைத் துப்பினால் குடல் எப்படி வேலை செய்யும்? ஃபிளெட்சருக்கு பல நாள்களுக்கு ஒருமுறைதான் மலம் கழியும். அதையும் அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார், நாற்றமில்லாத "சாம்பல்" என்று. விஞ்ஞானிகளுக்கு மாதிரி வேறு கொடுத்தார். நார்ச்சத்தைப் பெரிதாக மதித்த கெல்லாக் இதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்.

மெல்லுவதில் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தை வாயிலேயே உடைக்க ஆரம்பிக்கிறது. வயிறு நிறைந்த செய்தியைக் குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மூளைக்குக் கொண்டுபோகச் சற்று நேரம் பிடிக்கும். அவசரமாகச் சாப்பிடுபவர் அந்தச் செய்தி வருவதற்குள் இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டுவிடுகிறார். ஆனால் செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது. 722 முறை மென்றாலும் வாய் குடலாகிவிடாது.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1904 வாக்கில் இந்த முறைக்கு மாறினார். ஆரம்பத்தில் ஃபிளெட்சரைத் தெய்வமாகவே கொண்டாடினார். நண்பர்களுக்கெல்லாம் பரிந்துரைத்தார். ஆண்டுகள் போகப் போக உணவின் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது. 1909-10 குளிர்காலத்தில் உடலும் மனமும் மோசமாக நலிந்து படுத்தார். கடைசியில், வருடக்கணக்காக இப்படி மென்றதுதான் தன் வயிற்றைக் கெடுத்தது என்ற முடிவுக்கு வந்து முறையைக் கைவிட்டார். அவருக்கு மன அழுத்தமும் இருந்தது, எனவே பழி முழுவதையும் மெல்லுதலின் மேல் போட முடியாது. ஆனால் சாப்பாட்டோடு இருந்த உறவு சீராவதற்காகத் தொடங்கியவர், சாப்பாட்டையே வெறுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது உண்மை. அவருடைய அண்ணன், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டு, செத்துப் பிழைத்தேன் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். தம்பியைவிட அண்ணன் புத்திசாலி!

ருசியில் இருக்க வேண்டிய கவனம் எண்ணிக்கைக்குப் போய்விட்டது. எண்ணிக்கை தவறினால் குற்ற உணர்வு வரும். கவலையோடு சாப்பிடாதே என்று சொன்னவருடைய முறையே கவலையை உண்டாக்கியது.

முதல் உலகப் போரின்போது ஃபிளெட்சர் பெல்ஜியத்துக்குப் போனார். அங்கே பட்டினியில் தவித்த மக்களுக்கு உணவு கொண்டுசேர்த்த நிவாரண ஆணையத்தோடு சேர்ந்து, கிடைக்கும் கொஞ்சத்தையும் எப்படி நன்றாக மென்று பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பட்டினி கிடப்பவனுக்கு மெல்லக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு தூரம் உதவும்? 1919 ஜனவரியில் கோபன்ஹேகனில் மூச்சுக்குழல் அழற்சியால் இறந்தார். வயது 69. பழமொழி சொன்ன நூறு அவருக்குக் கிடைக்கவில்லை.

வேறொரு எண்

ஃபிளெட்சர் போனார், எண் போகவில்லை. அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1918-ல், லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு டயட் புத்தகம் வெளியிட்டார். கலோரி என்ற சொல்லைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்த புத்தகம் அது. ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்கிற ரீதியில் அவர் வாசகிகளைப் பழக்கினார். பல ஆண்டுகள் விற்பனைப் பட்டியலில் முன்னணியில் இருந்தது. மெல்லும் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கலோரி எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது.

கலோரி ஒரு நேர்மையான அளவு என்பதில் சந்தேகமில்லை. ஒரு உணவில் எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை அது சொல்லும். ஆனால் இப்போது பசிக்கிறதா, போதுமா என்பதை அது சொல்லாது. உணவுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு ஆழமானது என்பது இன்னொரு போர் வந்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது.

மெதுவாகச் சாப்பிட்ட 36 பேர்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடிய மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று கண்டறிய வேண்டியிருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். கலந்துகொண்டவர்கள் 36 இளைஞர்கள். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள், தாங்களாக முன்வந்து பட்டினி கிடக்கச் சம்மதித்தார்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்கள் தினமும் சராசரியாக 1,570 கலோரி அளவுக்குத்தான் உணவு. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி குறைந்துபோனது.

அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் தெரியுமா? மிக மிக மெதுவாக! தட்டில் இருந்த கொஞ்சத்தை இரண்டு மணி நேரம் வரை இழுத்தார்கள். ஒன்றோடு ஒன்று கலந்தார்கள், தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள், தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து நாவல் மாதிரிப் படித்தார்கள். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே. சிரிப்பு போனது, நட்பு போனது. சோதனை முடிந்து வேண்டுமளவு சாப்பிட அனுமதித்த பிறகும் பலருக்கு வாரக்கணக்கில் திருப்தியே வரவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டும் பசித்தது. 1950-ல் இந்த விவரங்கள் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

ஃபிளெட்சரின் கதையோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த 36 பேரும் சிறந்த மெல்லுநர்கள். ஒவ்வொரு வாய்க்கும் முழுக் கவனம் கொடுத்தார்கள். ஆனால் அது ஆரோக்கியம் அல்ல, பட்டினியின் அறிகுறி. மெதுவாகச் சாப்பிடுவது மட்டுமே நல்ல உறவுக்கு அடையாளம் ஆகிவிடாது. உடம்புக்குத் தேவையானதை மறுத்துவிட்டு எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டாலும் மனம் சாப்பாட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இன்றும் இந்தச் சோதனையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இதுதான். பட்டினி போட்டால் மனமும் நோயுறும் என்பதை அது காட்டியது.

ஒரே ஒரு உலர்திராட்சை

1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் நீண்டநாள் வலியில் வாடும் நோயாளிகளுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். பௌத்தத் தியான முறைகளிலிருந்து மதச் சார்பில்லாமல் எடுத்துக்கொண்ட பயிற்சிகள். அதில் பிரபலமான ஒன்று உலர்திராட்சைப் பயிற்சி. ஒரு திராட்சையைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைக்க வேண்டும், பிறகு மெல்ல வேண்டும். எத்தனை முறை என்று யாரும் கேட்பதில்லை. என்ன தெரிந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

ஃபிளெட்சர் பிறந்த அதே மாநிலம். அவர் சொன்னதில் பாதி அங்கே திரும்பி வந்துவிட்டது, எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட்டு.

இதையே உணவுச் சிக்கல்களுக்குப் பயன்படுத்தியவர் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜீன் கிரிஸ்டெல்லர். கட்டுப்பாடில்லாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வருந்தும் கோளாறு உள்ள 18 பெண்களுக்கு 6 வாரப் பயிற்சி கொடுத்து, 1999-ல் முடிவை வெளியிட்டார். வாரத்துக்குச் சுமார் 4 முறை நடந்துகொண்டிருந்தது ஏறக்குறைய ஒன்றரை முறையாகக் குறைந்தது. அந்தப் பயிற்சியில் பிடித்த உணவுகளை ஒதுக்கச் சொல்லவில்லை. இனிப்பை எடுத்து நிதானமாக ருசித்து, எந்த இடத்தில் ருசி மங்குகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாவது வாயில் முதல் வாயின் சுகம் இல்லை என்பதை நாக்கே சொல்லும். பொருளாதாரப் பாடத்தில் குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று மனப்பாடம் செய்வது இதைத்தானே!

இதுவும் மந்திரக்கோல் அல்ல. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில், கட்டுமீறிச் சாப்பிடுவதும் மனவருத்தத்தில் சாப்பிடுவதும் குறைவது தெரிகிறது. ஆனால் உடல் எடை குறைவதில் பலன் ஒரே சீராக இல்லை. எடை குறைப்பதற்கான இன்னொரு டயட்டாக இதை விற்பவர்கள் ஃபிளெட்சர் செய்த தவறையே மறுபடியும் செய்கிறார்கள். கடுமையான உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரின் உதவிதான் முதலில் தேவை.

பாட்டி சொன்னது

இந்த முழு வரலாற்றிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாரோ ஒருவர் தன் பசியையும் ருசியையும் கவனித்து நலமடைகிறார். அதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது ஒரு எண்ணாக்கிவிடுகிறார். 32 முறை, 722 முறை, 100 கலோரி. இன்றைக்குக் கைப்பேசிச் செயலியில் பச்சை வட்டம். எண் வந்ததும் சாப்பிடுபவர் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கத் தொடங்குகிறார். கணக்கு சரியாக இருந்தால் நல்லவன், தப்பினால் கெட்டவன்.

திருக்குறளில் மருந்து என்று 95-ஆவது அதிகாரம் இருக்கிறது. நோய்க்கு மருந்து பற்றிப் பேசும் அதிகாரம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியது. முன்பு உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசிக்கட்டும், உடம்புக்கு ஒத்துவருவதை உண், அளவறிந்து உண். இவ்வளவுதான். எத்தனை கவளம், எத்தனை முறை என்று ஒரு எண்ணும் அங்கே கிடையாது. அளவை அறிய வேண்டியது உண்பவரேதான்.

பழமொழியில் ஒரு எண் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்டு, நூறு. ஆனால் அது வயதுக்குச் சொன்னது, மெல்லுவதற்கு அல்ல. எத்தனை முறை மெல்ல வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. "நொறுங்க" என்றுதான் சொன்னார்கள். நொறுங்கியதா இல்லையா என்பது அவரவர் நாக்குக்குத் தெரியும். அன்று சிகாகோவில் வேறு வேலை இல்லாமல் தனியாக உட்கார்ந்து மென்றுகொண்டிருந்த ஃபிளெட்சருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் மறந்துபோனார்.